பதினெட்டாம் மணித் தட்டு

இது எனக்கு நடந்தது. யாரோ சொல்லி யாரோ கேட்ட கதை கிடையாது. அன்று இரவு முழுக்க நான் நோட்டில் நேரம் குறித்துக்கொண்டிருந்தேன். அந்த நோட்டு இப்போது என் முன்னால் விரிந்து கிடக்கிறது. அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். ஒரு நிமிடம்கூடக் கூட்டவில்லை.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பயப்படாதீர்கள், பாடம் எடுக்க மாட்டேன்.

நான் செல் வளர்க்கிறவள். மனித உடம்பிலிருந்து எடுத்த செல்கள், உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் தட்டுகளில், இளஞ்சிவப்புத் திரவத்துக்கு அடியில் உயிரோடு இருக்கும். ஒரு செல் இரண்டாகப் பிரியப்போகிறது என்றால், அதற்குள் ஒரு புரதம் தலைதூக்கும். 'ம், வேலையை ஆரம்பிங்க' என்று மரபணுக்களை விரட்டுகிற மேஸ்திரி அது. அளவோடு இருந்தால் செல் பிரியும். அளவு மீறினால் செல் செத்துப்போகும். எங்கள் ஆய்வுக்கூடம் பல வருடமாக அந்த மேஸ்திரிக்குப் பின்னால்தான் அலைகிறது.

மேஸ்திரியைப் பிடிக்க ஆன்டிபாடி வேண்டும். ஆயிரக்கணக்கான புரதங்களுக்கு நடுவே அந்த ஒன்றை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்கிற பொருள். அது ஒட்டிய இடத்தில் ஃபிலிமில் கறுப்பாக ஒரு கோடு விழும். கடையில் வாங்குகிற ஆன்டிபாடி ஒரு பாட்டில் மாதிரி அடுத்த பாட்டில் இருக்காது. கடைசியாக வந்தது கண்டதிலெல்லாம் ஒட்டியது. ஃபிலிம் முழுக்க ஏணிப்படி மாதிரிக் கோடுகள். எங்களிடம் நம்பிக்கையான ஆன்டிபாடி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எனக்கு முன்னால் அங்கே வேலை செய்த ஒருவர், முயலுக்கு ஊசி போட்டுத் தயாரித்தது.

அவரைக் கடிகாரக்கா என்பார்கள். நான் பார்த்ததில்லை. ஒரு நொடி தவறாமல் மாதிரி எடுப்பாராம். அவருடைய நோட்டுகளையும் குழாய்களையும் பார்த்திருக்கிறேன். எண்களைச் சுற்றி வட்டம் போடுகிற பழக்கம். குண்டூசித் தலை அளவு இடம் இருந்தாலும் வட்டம் போட்டுவிடுவார். "அவங்க இப்ப இங்க இல்ல" என்று என் ஆய்வு வழிகாட்டி மேடம் ஒரு தடவை சொன்னார். வெளிநாடு போயிருப்பார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

என் கட்டுரையின் முதல் படம் கடிகாரக்கா செய்த சோதனை. அதில்தான் வினை வந்தது. தூங்குகிற செல்களை எழுப்பி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மேஸ்திரியின் அளவை எடுத்துப் பார்த்த படம். பூஜ்யம், இரண்டு, நான்கு என்று போய்ப் பதினாறாவது மணியோடு நின்றுவிடுகிறது. கட்டுரையை அனுப்பிய ஆய்வுப் பத்திரிகையிலிருந்து கேட்டார்கள்: "உச்சம் வருவதற்கு முன்னாலேயே ஏன் நிறுத்தினீர்கள்? அதே செல்லில், இருபத்துநான்கு மணி நேரத்தையும் காட்டுங்கள்." பன்னிரண்டு நாள் கெடு. அந்த மாதக் கடைசியோடு என் ஆய்வுப் பதிவு காலாவதியாகிறது. கட்டுரை வராவிட்டால் பட்டம் இல்லை. ஆறு வருட உழைப்பு அம்போ.

அதே செல்லின் பெயர் கே-3. ஆய்வுக்கூடத்து மூலையில், செல்களை உறையவைக்கிற நைட்ரஜன் தொட்டியின் அடித்தட்டில், ஒரே ஒரு குழாய் இருந்தது. தொட்டி மூடியில் ஒரு தாள் ஒட்டியிருக்கும்: 'கடைசிக் குழாயை எடுப்பவர், அதே செல்லை வளர்த்து ஒன்றாவது திருப்பி வைக்கவும்.' பக்கத்தில் ஒரு பதிவேடு. 'எடுத்தவர்' என்று ஒரு கட்டம், 'வைத்தவர்' என்று ஒரு கட்டம். முதல் கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டாவது கட்டத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். வளர்ந்த செல் முழுவதையும் பதினான்கு தட்டுகளில் பிரித்துப் போட்டேன். சோதனைக்குப் பதின்மூன்று, கைகாவலுக்கு ஒன்று. திருப்பி வைக்க எதுவும் மிச்சமில்லை. எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய தப்பு கிடையாது. உலகத்திலேயே அந்த ஒரு குழாய்தான்.

இரண்டு நாள் பட்டினி போட்டேன். பட்டினி கிடந்தால் செல்கள் தூங்கிவிடும். சாப்பாடாகச் சீரம் ஊற்றினால் எல்லாம் ஒன்றாக எழுந்துகொள்ளும். 'எழுப்புறது' என்றுதான் நாங்கள் சொல்வோம்.

வெள்ளிக்கிழமை காலை சரியாக 8.00 மணிக்கு, நான் கே-3ஐ எழுப்பினேன்.

பகல் ஒழுங்காகப் போனது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தட்டு. இன்குபேட்டரிலிருந்து எடுப்பது, குளிர் அறைக்குப் போய்ச் சில்லென்ற கழுவு திரவத்தைக் கொண்டு வருவது, கழுவுவது, ரப்பர் அலகால் சுரண்டிக் குழாயில் சேர்ப்பது, ஐஸில் வைப்பது. அடுத்த தட்டுக்கு டைமர் வைப்பது. மூன்றாம் மாடியில் மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள்.

மாலை 6.40. பார்சல் வந்தது. துறைக்கே சேர்ந்த ஆன்டிபாடிகள், இடுப்பளவு தெர்மகோல் பெட்டியில். உள்ளே இருபது கிலோ டிரை ஐஸ், வெள்ளையாகப் புகைந்துகொண்டிருந்தது. ஸ்டோர் அண்ணன்தான் இதையெல்லாம் வாங்கி வைப்பவர். அன்றைக்கு சீக்கிரம் போய்விட்டார். ஃப்ரீசர் அறைச் சாவியும் அவரோடு போய்விட்டது. பெட்டியை வெளியே விட மனசு வரவில்லை. குளிர் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

இரவு 9.30. வீட்டுக்காரர் கூப்பிட்டார்.

"உன் பிள்ளைங்க தூங்கிடுச்சா?"

"இது முழிச்சிருக்க வேண்டிய ராத்திரிங்க. நம்ம பிள்ளை?"

"தூங்கிட்டா. அம்மா ராத்திரி பூரா தட்டு கழுவுறாங்கன்னு உன் மாமியார்கிட்ட சொல்லி வச்சிருக்கா. அவங்களும் பாவம்னு சொல்றாங்க."

"வீட்டுல கழுவும்போது யாரும் பாவம்னு சொன்னதில்லையே."

"சரி, தனியாவா இருக்க?"

"ரெண்டு மணிக்கு தூங்குமூஞ்சி வர்றேன்னா."

தூங்குமூஞ்சி எங்கள் ஜூனியர். பெயருக்கு ஏற்ற பெண். ஆனால் பதினெட்டாவது மணித் தட்டைத் தானே எடுப்பதாக என் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தாள்.

10.00. பதினான்காவது மணித் தட்டு. குளிர் அறைக்குப் போய் வந்தபோது லேசாகத் தலைவலி. குழாய்களை எண்ணினேன். பதின்மூன்று குழாயிலும் காலையிலேயே எண் எழுதி வரிசையாக வைத்திருந்தேன். இப்போது வரிசையில் ஒரு ஓட்டை. பதினெட்டைக் காணோம். மேஜைக்கு அடியில் பார்த்தேன். குப்பையில் பார்த்தேன். தூக்கக் கலக்கம் என்று என்னையே திட்டிக்கொண்டு இன்னொரு குழாயில் 18 என்று எழுதி வைத்தேன். வட்டம் கிட்டம் எதுவும் போடவில்லை. இது முக்கியம்.

12.00. பதினாறாவது மணித் தட்டு. குளிர் அறைக்குள் மூச்சு இறைத்தது. நாலு மாடி ஏறி வந்த மாதிரி. கதவைத் தோளால் தள்ளி வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றேன். 12.11க்கு மாதிரியை ஐஸில் வைத்தேன். கடிகாரக்கா நிறுத்திய இடம் இதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

டைமரை 1.58க்கு வைத்தேன்.

1.20. கண் எரிந்தது. தலையை மேஜையில் வைத்தேன். தூங்கவில்லை... தூங்கவில்லை என்றுதான் நினைத்தேன். நோட்டில் என் கையெழுத்து அந்த 1.20 மேலேயே கோணலாக இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

தர்ர்ர்...

நடைபாதையில் எதையோ இழுக்கிற சத்தம். கனமான எதையோ.

தர்ர்ர்... நின்றது. மறுபடி... தர்ர்ர்...

தூங்குமூஞ்சி வந்துவிட்டாள் என்று நினைத்தேன். எழுந்திருக்கப் பார்த்தேன். தலை தூக்க வரவில்லை. கை என்னுடையதாகவே இல்லை.

டைமர் அலறியது. இரண்டு தடவை. யாரோ அணைத்தார்கள்.

இன்குபேட்டர் கதவு... டப்.

பிறகு அந்தச் சத்தம். எனக்குத் தெரிந்த சத்தம். நாள் பூரா நானே எழுப்பிய சத்தம்.

சரக்... சரக்... சரக்...

தட்டைச் சுரண்டுகிறார்கள்.

என் கைமடிப்பு இடுக்கு வழியே கொஞ்சம் தெரிந்தது. எதிர் மேஜையில் விளக்கு எரிந்தது. வெள்ளைக் கோட்டு. முதுகு. இடது கையில் சட்டையை முழங்கைவரை ஏற்றி விட்டிருந்தாள். முன்கையில் நாணயம் அளவுக்கு ஒரு வட்டம். மழமழவென்று, மற்றத் தோலைவிட வெளுப்பாக.

"வந்துட்டியா?" என்றேன். குரல் வந்ததா என்று தெரியவில்லை.

முதுகு திரும்பவில்லை.

"நான் எடுக்கறேன் விடு..."

சுரண்டுவது நின்றது.

"இது என் தட்டு."

தணிந்த குரல். கோபம் இல்லை. தூங்குமூஞ்சியின் குரலும் இல்லை.

அப்புறம்...

எதுவும் இல்லை.

2.14. விழித்துக்கொண்டேன். வாய் காய்ந்திருந்தது. ஆய்வுக்கூடத்தில் யாரும் இல்லை.

டைமர் கவிழ்ந்து கிடந்தது. எங்கள் இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்தவருடைய டைமரை அணைத்து, அவருடைய வேலையையும் முடித்துவிட்டால், டைமரைக் கவிழ்த்து வைப்போம். 'ஆச்சு, கவலைப்படாதே' என்று அர்த்தம்.

இன்குபேட்டர் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. பதினெட்டாவது மணித் தட்டு கழுவி வைத்திருந்தது. ஐஸில் குழாய் இருந்தது. நான் புதிதாக 18 எழுதிய குழாய் வரிசையில் காலியாகவே நின்றது. ஐஸில் இருந்தது பத்து மணிக்குக் காணாமல் போன குழாய். 18ஐச் சுற்றி வட்டம்.

தங்கம்டி நீ, என்று நினைத்தேன். தூங்குமூஞ்சிக்கு ஒரு மெசேஜ் போட்டேன். 'எழுப்பாம எடுத்து வச்சதுக்கு நன்றி.'

4.00. இருபதாவது மணித் தட்டு. குளிர் அறைக்குப் போனேன். கதவு அகலத் திறந்திருந்தது. மூடாமல் இருக்க ஒரு முக்காலியை முட்டுக்கொடுத்திருந்தார்கள். பார்சல் பெட்டி நடைபாதைக் கோடிக்கு இழுத்துப் போடப்பட்டு, மூடி தனியாகக் கிடந்தது. எரிச்சலாக வந்தது. ஆனால் தலைவலி போயிருந்தது.

திரும்பி வரும்போது நைட்ரஜன் தொட்டிக்குப் பக்கத்தில் நீலக் கையுறைகளைப் பார்த்தேன். தொட்டியைத் திறக்கும்போது மட்டும் போடுகிற தடித்த கையுறை. விரல் நுனிகளில் உறைபனி. நான் அன்றைக்குத் தொட்டியைத் திறக்கவே இல்லை.

அதையும் நோட்டில் எழுதினேன். ஏன் எழுதினேன் என்று தெரியாது.

8.06. கடைசி மாதிரி முடிந்தது. மிச்சம் ஒரு தட்டு இருக்க வேண்டும், கைகாவல் தட்டு. இன்குபேட்டரில் இல்லை. பாத்திரம் கழுவும் தொட்டி ஓரத்தில், காகிதத் துண்டின் மேல், கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. பளிச்சென்று. ஒரு செல்கூட மிச்சமில்லை.

8.40க்குத் தூங்குமூஞ்சி வந்தாள். தலைகூடச் சீவவில்லை.

"அக்கா, சாரிக்கா. மூணு அலாரம் வச்சேன். மூணும் சேர்ந்து தூங்கிடுச்சு."

"ஏய், விளையாடாத. ரெண்டு மணிக்கு வந்தியே."

"குத்திக் காட்டுறீங்கன்னு தெரியுதுக்கா. அந்த மெசேஜைப் பார்த்ததுல இருந்து எனக்கு சோறே இறங்கல."

"உன் இடது கையைக் காட்டு."

"அடிக்கப் போறீங்களா?"

காட்டினாள். முன்கை சுத்தமாக இருந்தது. ஒரு மச்சம்கூட இல்லை.

9.05. ஸ்டோர் அண்ணன் வந்தார். எப்போதும் பாடிக்கொண்டே படியேறுகிறவர். நடைபாதை முனையில் பாட்டு நின்றது. போய்ப் பார்த்தேன். பெட்டியைப் பார்த்தபடி நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

"இது எங்க இருந்துச்சு?"

"குளிர் அறையிலண்ணே. சாவி உங்ககிட்ட..."

"யாரு உள்ள வச்சா?"

"நான்தான்."

"வெளிய யாரு இழுத்தா?"

"தெரியலண்ணே." அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

டிரை ஐஸ் ஆவியாகும்போது வருகிற வாயு, காற்றைத் தள்ளிவிட்டுத் தான் இடம் பிடித்துக்கொள்ளும். மூடிய அறையில் ஆளைச் சாய்த்துவிடும். முதல் வருடம் வகுப்பில் படித்ததுதான். வெள்ளிக்கிழமை மாலை 6.40க்கு எனக்கு ஞாபகம் வரவில்லை. பத்து மணிக்குத் தலைவலி. பன்னிரண்டு மணிக்கு மூச்சிரைப்பு. இரண்டு மணிக்கு நான் மறுபடி உள்ளே போயிருக்க வேண்டும்...

"எட்டு வருஷம் ஆச்சும்மா," என்றார் அண்ணன். "இதே மாதிரி பார்சல். நான்தான் உள்ள வச்சேன். காலைல கதவைத் திறந்தா, அந்தக் கடிகாரப் பொண்ணு கீழ கிடந்துச்சு. கையில கழுவு தண்ணி பாட்டில். நான் என்ன பண்ணேன் தெரியுமா? முதல்ல பெட்டியை வெளிய இழுத்துப் போட்டேன். அப்புறம்தான் ஆளைக் கூப்பிட்டேன். மாரடைப்புன்னு சொன்னாங்க. நானும் ஆமான்னு சொல்லிட்டேன்."

என் நோட்டைப் பிரித்தேன்.

"எத்தனை மணிக்கு?"

"யாருக்குத் தெரியும். பதினாறு மணிக் குழாய் ஐஸ்ல இருந்துச்சு. பதினெட்டு மணித் தட்டு மேஜை மேல, மூடி திறந்தபடி... காஞ்சு போய்."

அன்றே அவர் மேடத்திடம் போய் எட்டு வருட விஷயத்தைச் சொல்லிவிட்டார். அது வேறு கதை. இப்போது எங்கள் குளிர் அறைக் கதவில் பெரிய எழுத்தில் எச்சரிக்கை இருக்கிறது.

திங்கட்கிழமை ஃபிலிமைக் கழுவினேன். பதின்மூன்று மாதிரி, கடிகாரக்காவின் ஆன்டிபாடி. பதினாறுவரை பழைய படத்தின் அச்சு அசல். இருபதிலிருந்து இறக்கம். நடுவில் பதினெட்டு... அவ்வளவு அடர்த்தியான கோட்டை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அதைக் கட்டுரையில் போடலாமா என்று இரண்டு நாள் சாப்பிடாமல் யோசித்தேன். நான் எடுக்காத மாதிரியை நான் எடுத்தேன் என்று எழுத முடியாது. மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். பதினெட்டை வெட்டிவிட்டு, 'அந்த மாதிரி கிடைக்கவில்லை' என்று எழுதி அனுப்பினோம். இருபதும் இருபத்திரண்டும் இருபத்துநான்கும் இருந்ததால் ஏற்றுக்கொண்டார்கள். பட்டம் கிடைத்தது. வெட்டிய துண்டு என் நோட்டில் ஒட்டியிருக்கிறது.

இதோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

மூன்று வாரம் கழித்துத் தொட்டிக் கணக்கெடுப்பு. ஸ்டோர் அண்ணன் கூப்பிட்டார். கடைசிக் கே-3ஐ எடுத்துக் காலி பண்ணியவள் நான். சோதனை முடிந்த அன்றே உலகத்தில் கே-3 என்று ஒன்று இல்லாமல் போய்விட்டது. தப்பை ஒப்புக்கொள்ளத் தயாராகத்தான் போனேன்.

"அண்ணே, கே-3..."

"பார்த்தேன், பார்த்தேன். திருப்பி வச்சிட்ட. நல்ல பொண்ணு."

"நான் வைக்கலண்ணே."

இடுக்கியால் எடுத்துக் காட்டினார். வெள்ளைப் புகைக்கு நடுவே ஒரு குழாய். புதுசு. கே-3. அந்தச் சனிக்கிழமைத் தேதி.

எண்களைச் சுற்றி வட்டம்.

அண்ணன் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குழாயை அவசரமாக உள்ளே இறக்கி மூடியைப் போட்டார்.

"கே-3 யாரோட செல்லுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. யாராவது கொடுத்திருப்பாங்க."

"ஆன்டிபாடியைச் சோதிக்க மனுஷத் தோல் வேணும்னு அந்தக் கடிகாரப் பொண்ணு கேட்டு அலைஞ்சுச்சு. எங்கயும் கிடைக்கல. ஒருநாள் டாக்டர்கிட்ட போய்..." அவர் பேச்சை நிறுத்தி, தன் இடது முன்கையில் விரலால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார்.

நாணயம் அளவுக்கு.

அன்று இரவு பார்த்த கையைப் பற்றி நான் அவரிடம் சொல்லவே இல்லை.

பதிவேட்டைத் திருப்பினேன். கே-3 வரி. 'எடுத்தவர்' கட்டத்தில் என் கையெழுத்து.

'வைத்தவர்' கட்டத்தில் பெயர் இல்லை. ஒரே ஒரு சொல்.

'நானே.'